நின்றுபோன ரேட்

சனிக்கிழமை

படுத்தும் தூக்கம் வரவில்லை.

குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தால் எத்தனை மடங்கு கிடைக்கும் என்று நாலு வெப்சைட்டில் ஓடும் ரேட்டையும் ஒரே எக்செல் ஷீட்டில் வரவைத்தவன் நான். எது அதிகமோ அந்தக் கட்டம் பச்சையாக மாறும். முதலாளியின் மாப்பிள்ளை அதைத் தன் போனில் வாங்கிக்கொண்டு, எங்கள் தேங்காய் மண்டிக்கு வரும் வியாபாரிகளிடம் எல்லாம் "நான் போட்டது" என்றார். பக்கத்து மேசையில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். நேற்று எனக்கே பாடம் எடுத்தார். "பச்சைன்னா நல்ல ரேட்டு செல்வம், புரியுதா?"

புரிந்தது. இன்று கடைசிப் பந்தயத்துக்கு முன்னால், என் கம்ப்யூட்டரிலிருந்து ஷீட்டுக்குப் புது ரேட் போவதை நிறுத்திவிட்டேன். அவர் போனில் எண்கள் அப்படியே நின்றன. ரேட் ஆடிக்கொண்டே இருக்கும், நிற்காது. ஷீட்டைப் போட்டவனுக்கு அது தெரியும். அவர் பச்சையைப் பார்த்து "எட்டு மடங்கு" என்று சொல்லி, சைட்டில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் வியாபாரிகள் கொடுத்த காசை எல்லாம் அவசரமாகக் கட்டினார்.

குதிரை ஜெயித்தது. கிடைத்தது இரண்டு மடங்குதான்.

"எட்டுன்னு சொன்னீங்களே மாப்ள, மீதி எங்க?" என்று சூழ்ந்துகொண்டார்கள். அவர் முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்க்கத்தானே செய்தேன். பில் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தேன்.

அப்போதுதான் சொன்னார், மண்டி முழுக்கக் கேட்கும்படி.

"ஷீட்டு போட்டது செல்வம். அவனக் கேளுங்க."

அத்தனை பேரும் என் மேசைப் பக்கம் திரும்பினார்கள். ஷீட்டைப் போட்டது நான்தான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை.