நிலாவில் ஆண்கள் பிள்ளை பெற்ற ஊர்

தம்பிக்கு,

இட ஒதுக்கீடு கேட்டு, புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட்ட வருஷம். எனக்கு எழுத்துத் தெரியாது, இதைச் சொல்லித்தான் எழுதவைக்கிறேன்; ஆனால் மறதி கிடையாது. போலீசுக்குப் பயந்து நாமெல்லாம் கல்வராயன் மலையில் ஒளிந்திருந்தோம். பெண்களே மடை திருப்பினார்கள், பஞ்சாயத்தும் பேசினார்கள்.

நாம் இறங்கி வந்தபோது என் மகள் ஜெயசுதா களையெடுத்தபடி கதை கட்டிக்கொண்டிருந்தாள். "நிலாவுல ஒரு ஊரு. ஆம்பளைங்கதான் புள்ள பெக்கறாங்க. ஒன்னு பெத்ததுமே, போதும்னு சட்டம் போட்டுட்டாங்க." கழனியே சிரித்தது.

நீ அவளைச் சேற்றில் தள்ளி மிதித்தாய். சாகும்வரை அவள் இன்னொரு கதை சொல்லவில்லை.

இப்போது போராட்ட வீரனென்று உனக்குப் பாராட்டு விழாவாம், நான் வந்து பேச வேண்டுமாம். மாட்டேன். அந்தக் கதையை முழுதாகக் கேட்டவர்களில் ஒருத்திதான் உயிரோடு இருக்கிறாள். அவளை மேடையேற்றிச் சொல்லச் சொல், வருகிறேன்.

அவள் உன் பெண்டாட்டி அம்சவள்ளிதான்.

உன் அண்ணன்