நீங்கள் பார்த்து வந்த கல்லூரி

மே 19

அப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். பரீட்சை முடிவு வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு சதவீதம். நீங்கள் ஓட்டுகிற பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டுத் திட்டிக்கொள்ளலாம். அம்மா திட்டி முடித்துவிட்டாள்.

ரத்தப் பரிசோதனை செய்கிறவர்கள் படிக்கும் லேப் படிப்பில் சேர ஆசை. இந்த மதிப்பெண்ணுக்கு இடம் தரக்கூடிய, நம் கைக்கு அடங்குகிற கல்லூரிகள் இரண்டுதான். இரண்டும் உங்கள் ஊரில். விண்ணப்பக் கட்டணமே கையைக் கடிப்பதால் ஒன்றுக்குத்தான் போட முடியும். நேரில் பார்த்துச் சொல்ல அங்கே வேறு யாரையும் தெரியாது. நீங்கள் பிரிந்து போய் ஏழு வருடத்தில் நான் கேட்கும் முதல் உதவி. முடியாவிட்டால் பரவாயில்லை.

உங்களுக்கு எழுதச் சொன்னது அம்மாதான். அதை எழுதாதே என்றும் சொன்னாள்.

மகள்

மே 28

அன்பு வாலுக்கு,

ஐம்பத்தெட்டு போதும். உன் அப்பன் வாங்கியதைச் சொன்னால் உனக்குத் தெம்பு வந்துவிடும்.

ஓய்வு நாளில் இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். முதல் கல்லூரி கண்ணாடிக் கட்டடம், வாசலில் நீரூற்று. ஆபீஸில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். லேபைப் பார்க்கலாமா என்றேன். "சாவி வச்சிருக்கிறவர் லீவுங்க" என்றார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மைக்ரோஸ்கோப்புகளுக்கு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. படிக்கட்டில் நின்ற பையன்களைக் கேட்டால், "நாங்களும் ஜன்னல் வழியாத்தான் பாத்திருக்கோம் அங்கிள்" என்கிறார்கள்!

இரண்டாவது, மார்க்கெட்டுக்குப் பின்னால். சுவரெல்லாம் பெயிண்ட் உதிர்கிறது. ஆனால் லேபில் நிற்க இடமில்லை, அவ்வளவு பிள்ளைகள். ஒரு பெண், "அங்கிள், உங்க விரலைக் கொஞ்சம் கொடுக்கிறீங்களா?" என்று கேட்டுக் குத்தி ரத்தம் எடுத்தாள். அவள் கை நடுங்கவே இல்லை. நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். சர்க்கரை கொஞ்சம் கூடுதலாம்.

பக்கத்திலேயே விடுதி. குழாயைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் வருகிறது. ஆனால் விடுதி எதற்கு? என் வீட்டு மாடி அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். நிறம் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

அப்பா

ஜூன் 24

அன்புள்ள அப்பா,

மார்க்கெட் கல்லூரிக்கே போட்டேன். இடம் கிடைத்துவிட்டது! அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

விடுதிக்குப் பணம் கட்டிவிட்டோம். கோபித்துக்கொள்ளாதீர்கள். "நீ எங்க தங்கினா எனக்கென்ன" என்றுதான் அம்மா சொன்னாள். சொல்லிக்கொண்டே கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். அவளுக்காக மட்டும் இல்லை. இத்தனை வருடம் கழித்து ஒரேயடியாக உங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட எனக்கும் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வருகிறேனே.

ஞாயிறு மதியம் விடுதியில் சாப்பாடு கிடையாதாம். உங்கள் வீட்டுக்கு வரலாமா?

டாக்டரைப் பார்த்தீர்களா?

உங்கள் மகள்

ஜூலை 2

அன்பு மகளுக்கு,

டாக்டரைப் பார்த்தேன், மாத்திரை கொடுத்திருக்கிறார். கோபமெல்லாம் இல்லை. கடிதத்தைப் படித்த அன்று கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அவ்வளவுதான்.

டிப்போவில் சண்டை போட்டு ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை மாற்றி வாங்கிவிட்டேன். சமையல் ஓரளவு வரும். உனக்கு என்ன பிடிக்கும் என்று எழுது. பத்து வயதில் என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போது தெரியாது.

அப்பா