எதிர் வேட்பாளருக்கு நான் கொடுத்த வார்த்தை

கோர்லிபிரிட்ஜ்
செவ்வாய்க்கிழமை மதியம்

அன்பு மகள் பிரையனிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியமாகவே இருக்கிறோம், என் வலது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துழைக்க மறுக்கிறது. ஹோபார்ட்டில் நீயும் மாப்பிள்ளையும் நலமா, குளிர் ஆரம்பித்துவிட்டதா, அந்த ஓட்டை ஹீட்டரை மாற்றினீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் மூன்று வாக்கியம் பேசுவதற்குள் 'அப்பா, உங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை' என்று ஆரம்பித்துவிடுவாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இது உன் கைக்கு வரும்போது தேர்தல் முடிந்து உனக்கே முடிவு தெரிந்திருக்கும், அதனால் அறிவுரை சொல்லவும் வழியில்லை.

ஆமாம், நீ கேள்விப்பட்டது உண்மைதான். நம் வார்டில் கவுன்சிலர் பதவிக்குப் பசுமைக் கட்சி வேட்பாளர் உன் அப்பன்தான். இருபத்தெட்டு வருஷமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து, ஊரில் பாதிப் பேருக்குப் பெட்ரோல் எரிக்கக் கற்றுக்கொடுத்தவன் பசுமைக் கட்சியா என்று நீ சிரிப்பதற்கு முன்னால் ஊரே சிரித்து முடித்துவிட்டது. கட்சிப் பொறுப்பாளர் மார்த்தா ஜனவரியில் வந்து, ஓட்டுச் சீட்டில் கட்சிப் பெயர் இருந்தால் போதும், ஒரு பெயர் மட்டும் கொடுங்கள் என்றாள். ஜெயித்துவிடுவோமோ என்று பயப்படவே வேண்டாம் என்று என் கையைத் தட்டி ஆறுதலும் சொன்னாள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். பிறகு பிப்ரவரியில் வெள்ளம் வந்தது. ஆற்றங்கரைத் தெரு மூன்றாம் நம்பரில் இருக்கிறாளே ஷோனா, என்னிடம் கார் கற்று நாலு முறை தேர்வில் தோற்றவள், அவள் சமையலறையில் முழங்கால் அளவு தண்ணீர். நவம்பரிலும் அப்படித்தான். இப்போது குழந்தையோடு மாடி அறையில் ஒற்றை மின்னடுப்பில் சமைக்கிறாள். இனிமேல் அந்த வீட்டுக்கு எந்தக் கம்பெனியும் இன்சூரன்ஸ் தராதாம், விற்கவும் முடியாது. ஆறு பெருகினால் தண்ணீர் முதலில் போய்ப் படுத்துக்கொள்ளும் இடம் மேல்பக்கத்துப் புல்வெளி. அதில்தான் தொண்ணூறு வீடு கட்டப்போகிறார்கள். மார்ச்சில் கட்டட அனுமதிக் குழு முதல் சம்மதம் கொடுத்தது, ஒரே ஓட்டு வித்தியாசத்தில். அந்த ஒரு கை நம் எதிர்வீட்டு டெரிக் ஹாஸ்லத்தின் கை. கடைசி முடிவு ஜூனில், புதுக் கவுன்சில் எடுக்கும். ஆக, இந்த ஒரு நாற்காலி யாருக்கு என்பதில்தான் ஷோனாவின் வீடு இருக்கிறது. பெயர் மட்டும் கொடுத்த பெரிய மனிதனான நான், சம்மதம் வந்த அன்றைக்கே மார்த்தாவைக் கூப்பிட்டு, எனக்கு நிஜமான நோட்டீஸ் வேண்டும் என்றேன்.

இனிமேல்தான் உன் அப்பனின் லட்சணம். டெரிக்கை உனக்குத் தெரியும். கட்சி இல்லாதவர், நம் வார்டின் இருபது வருஷக் கவுன்சிலர், தேர்தல் இருக்கிறதோ இல்லையோ ஏப்ரல் ஆனால் தக்காளி நாற்றும் கையுமாக வருவார். தேர்தல் வருஷம் என்றால் கூடவே நோட்டீஸ். நான் வேட்புமனு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த சாயங்காலமே ஆறு தொட்டி நாற்றோடு வாசலில் நிற்கிறார். வேட்பாளர் பட்டியல் இன்னும் வெளியாகவில்லை, அவருக்குத் தெரியாது. இப்போதாவது சொல்லித் தொலை என்று உள்ளே ஒரு குரல். ஆனால் நாற்றைக் கையில் வாங்கிய மனுஷன் எப்படிச் சொல்வான்? எப்போதும் சொல்வதையே என் வாய் சொல்லிவிட்டது: "நம்ம வீட்டு ஓட்டு உங்களுக்குத்தான் டெரிக்." உன் அம்மா உள்ளேயிருந்து கேட்டுவிட்டு, உலகத்திலேயே எதிராளி கேட்காமலே அவருக்கு ஓட்டுக் கொடுத்த முதல் வேட்பாளர் நீங்கள்தான் என்றாள்.

மறுநாள் பட்டியல் வெளியானது. நானும் டெரிக்கும் தெருவில் எதிர்ப்பட்டால் மழையைப் பற்றிப் பேசினோம், நாய்களைப் பற்றிப் பேசினோம், தேர்தல் என்ற சொல்லைத் தவிர எல்லாவற்றையும் பேசினோம். இரண்டு வாரம் இப்படியே ஓடியது. ஆனால் அவர் மற்றவர்களிடம் சும்மா இருக்கவில்லை. என்னைப் பற்றி, நைஜல் சும்மா கட்சிக்கு உதவியாகப் பெயர் கொடுத்திருக்கிறான், அவன் ஓட்டே எனக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அதில் பொய் என்ன இருக்கிறது சொல்லு? போகிற வாசலிலெல்லாம் கிண்டல். சலூன்காரர் எனக்கு முடி வெட்டிக்கொண்டே, தன் கடைக்கு எதிர்க்கடையில் போய் முடி வெட்டிக்கொள்ளும் அளவுக்குத் தனக்கு மரியாதை தெரியாது என்கிறார். அதையெல்லாம் துடைத்துப்போட்டுவிட்டேன். ஷோனா கேட்டதைத்தான் துடைக்க முடியவில்லை. சுவரில் பூச்சு உதிர்ந்து கிடக்கிற அந்தச் சமையலறையில் நின்றுகொண்டு கேட்டாள்: "நீங்களே அவருக்குத்தான் போடுறீங்களாமே. அப்புறம் நான் எதுக்கு உங்களுக்குப் போடணும்?"

நேராக டெரிக் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிட்டார், போகவில்லை. உட்கார்ந்தால் தேநீர் வரும், தேநீர் வந்தால் என் நாக்கு மறுபடியும் நல்லபிள்ளை ஆகிவிடும். வாசலிலேயே சொன்னேன்: "அன்னிக்கு நான் சொன்னது பொய் டெரிக். உங்களுக்கு நான் ஓட்டுப் போடப்போறதில்ல."

அவர் படி இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, "இருபது வருஷமா உன் பேரை நிச்சயம்னு எழுதி வெச்சிருக்கேன்டா. அதுல எத்தனை தடவை நிஜமாப் போட்ட?" என்றார். ஒரு தடவை, நம் ஊர் பஸ் சேவையை ரத்து செய்யவிடாமல் அவர் சண்டை போட்டாரே, அந்த வருஷம் மட்டும் என்றேன். உள்ளே போய்த் தன் பட்டியலை எடுத்துவந்தார். நம் தெருப் பெயர்களின்மேல் விரலை மெதுவாக இறக்கிக்கொண்டே போனார். "இவங்க எல்லாரும் உன்னை மாதிரிதானா?" என்று கேட்டபோது அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் பிரையனி, எனக்குச் சங்கடமாகிவிட்டது. தெரியாது என்றேன். பட்டியலை மடித்துவிட்டு, அப்படியானால் தக்காளி நாற்றைத் திருப்பிக் கொடு என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. அன்று மாலையே ஆறு தொட்டியையும் கொண்டுபோய் அவர் படியில் வைத்தேன். உன் அம்மாவுக்கு என்மேல் கோபமில்லை, நாற்றின்மேல்தான் வருத்தம்.

வீட்டுக்கு வந்து என் பட்டியலைப் பிரித்தேன். இருநூற்றுப் பதினேழு பேர் நிச்சயம் என்று மார்த்தா பச்சை மையில் எழுதியிருக்கிறாள். 'அவசியம் யோசிக்கிறோம்', 'நல்ல காரியம் பண்றீங்க' என்று சொன்னவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். நம் ஊரில் வாசலில் நிற்கிறவனிடம் மாட்டேன் என்று யார் சொல்வார்கள்? அதனால் நான்கு நாளாக அந்த வீடுகளுக்கே திரும்பப் போகிறேன். மரியாதைக்காகச் சொல்ல வேண்டாம், எனக்குப் போடமாட்டீர்கள் என்றால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், நானும் டெரிக்கிடம் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தேன் என்கிறேன். மார்த்தா தலையில் கைவைத்துக்கொண்டாள், இருக்கிற ஓட்டையும் கலைக்கிற வேட்பாளரை இப்போதுதான் பார்க்கிறாளாம். நேற்றுவரை அறுபத்திரண்டு பேர் மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் சொன்ன பிறகு கதவைச் சாத்தாமல் நிற்கிறார்கள். ஏன் போடமாட்டார்கள் என்று காரணம் சொல்கிறார்கள், நான் பதில் சொல்கிறேன், புல்வெளியில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்கிறார்கள். அந்த அறுபத்திரண்டில் ஒன்பது பேர் பேசி முடிப்பதற்குள் மனசு மாறினார்கள். ஷோனா போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டெரிக்கிடம் நிஜமாகவே போய்ச் சொன்னீர்களா என்று இரண்டு தரம் கேட்டாள், என் நோட்டீஸில் பத்து வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போய்விட்டாள்.

இன்னும் முப்பத்தொரு வீடு பாக்கி. முழங்காலுக்கு அம்மா பட்டை கட்டிவிட்டாள், சாயங்காலம் கிளம்ப வேண்டும். தோற்றால் தோற்றதுதான், ஆனால் ஜூனில் அந்தக் குழுக் கூட்டத்தில் பார்வையாளர் வரிசையிலாவது உட்கார்ந்து எழுந்து பேசுவேன், என்னை யாரும் கட்டிப்போட முடியாது.

நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் சந்தோஷமாக இருங்கள், இரண்டு பேருக்கும் எங்கள் ஆசி. மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே, கியரைக் குறை, ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஹீட்டரை மறக்காதே.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மெதடிஸ்ட் ஹாலில் கதவு திறந்ததும் முதல் ஆளாகப் போய் எனக்கு நானே ஓட்டுப் போடப்போகிறேன். டெரிக்கிடம் சொல்லியாகிவிட்டது.

உன் அன்பு அப்பா,
நைஜல் ட்விக்
(வேட்பாளர்)