மார்கழிக் கணக்கில் ஊறிய தோல்

சேசு மரி சூசை துணை
ஆம்பூர், 1933 சித்திரை

என் கண்ணான மகன் மதலைமுத்துவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. கான்பூர் வெயில் உனக்கு ஒத்துக்கொண்டதா, வயிற்றுவலி நின்றதா என்று எழுது.

உன் கடிதம் நேற்று வந்தது. சாயம் போடும் பிரிவிலேயே ஐந்து வருஷம் இருப்பதாக அந்தத் தோல் கம்பெனிக்காரன் பத்திரம் எழுதிக் கேட்கிறான் என்று எழுதியிருக்கிறாய். கையெழுத்துப் போட்டுவிடாதே ராசா. இங்கே நடந்ததைக் கேள். தோல் பதனிடும் ஷாப்பில், மயிர் கழலத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிக்கு மேஸ்திரியான வேலு அம்மை கண்டு படுத்துவிட்டார், முதலாளி ஜான் பாஷா சாயபு உன் அண்ணன் அருளப்பனை நம்பிக் குழியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சின்ன வயதிலிருந்து பதனிட்ட தோலைத் தரம் பிரிப்பதைத் தவிர அவன் வேறு எதைத் தொட்டான்? தடவிப் பார்த்தே எந்தச் சீமை ஆடு என்று சொல்வான், அதில் அவனை அடிக்க ஆளில்லை. ஆனால் குழியைப் பற்றி யாரிடமும் கேட்க ரோஷம். வேலு மார்கழியில் எவ்வளவு நாள் ஊறவைத்தாரோ அதையே ஞாபகம் வைத்து இந்தக் கத்திரி வெயிலிலும் விட்டுவிட்டான். வெயிலில் சுண்ணாம்பு தோலைச் சீக்கிரம் தின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியவில்லை. எடுத்தபோது கையோடு பிய்ந்து வந்தது. ஒரு குழித் தோல் முழுக்கப் போய்விட்டது மகனே.

சாயபு கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. "மாசம் முடியறதுக்குள்ள குழி தெரிஞ்ச ஆள் வரணும், இல்லாட்டி வூட்ட காலி பண்ணிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த வீடு அவர் கொடுத்ததுதானே. மற்ற ஷாப்புக்காரர்கள் தங்கள் மேஸ்திரிகளை விடுவார்களா? உன் அப்பா இருமிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார், அவரைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்.

நீ சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை கற்றாய், ஆவாரம் பட்டை இடித்தாய், சதை சீவினாய், சாயபு வண்டியும் ஓட்டினாய். எதிலும் நிலைக்காத பயல் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். நேற்று உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, "தம்பிய உடனே வரச் சொல்லும்மா. அவன் மேஸ்திரியா நிக்கட்டும், நான் அவன் கீழ குழில இறங்கி கத்துக்கறேன்" என்றான். மூத்த பிள்ளை, மீசை வைத்த ஆண்பிள்ளை, சொல்லிவிட்டு அழுதான்.

உன்னை இங்கேயே கட்டிப்போடக் கேட்கவில்லை. இது சரியானதும் எங்கே வேண்டுமானாலும் போ, இன்னும் நாலு வேலை கற்றுக்கொள், ஒன்றிலேயே கழுத்தை மாட்டாதே. புறப்படும் முன் தந்தி கொடு. சூசையப்பர் உனக்கு வழித்துணை வருவார், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. குழிக்கரையில் அவன் உன்னை மேஸ்திரி என்று கூப்பிட்டாலும், நீ அவனை அண்ணா என்றே கூப்பிடு.

உன் வரவுக்கு வாசலையே பார்த்திருக்கும்
அம்மா சவுரியம்மாள்