உமக்கு வந்த பனிச்சப்பாத்து

மச்சாள்,

நேற்று அண்ணை குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்கு வந்தார். வந்ததும் உம்முடைய பனிச்சறுக்குச் சப்பாத்தை எனக்கு முன்னால் வைத்தார். உள்ளே ஈரப் பஞ்சின் நாற்றம் இன்னும் போகவில்லை. சுவிசில் உமது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை முடித்துவிட்டு, உமது பொருள்களில் இதை மட்டும் சுமந்து வந்திருக்கிறார். என்னைப் பார்க்க அல்ல, உம்மைப் பற்றிப் பேச.

இதற்கு முன் ஒரு சோடி வந்ததே, எண்பத்தாறில். உம்மைக் கலியாணம் முடித்த சில கிழமைகளிலேயே அண்ணை சுவிசுக்குப் போய்விட்டார். மலையில் ஏதோ ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அங்கே வாடகைக்கு விட்டுக் கழித்த ஒரு சோடியையும், குரல் பதிந்த கசற்றையும் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார்.

“வாறதுக்கு முந்திப் போட்டு நடந்து பழகும். பொம்பிளையளுக்கெண்டு செய்தது, கெண்டைக்காலை வெட்டாமல் பின்பக்கம் உயரம் குறைவு. நிமிர்ந்து நிண்டால் பெருவிரல் நுனியில தொடவேணும். முழங்காலை மடிச்சுச் சாய்ஞ்சால் விரல் பின்னுக்கு வரும். குதி மட்டும் எழும்பக் கூடாது.”

கசற் முழுக்க உம்மோடுதான் பேச்சு. என் பெயர் கடைசியில் ஒருமுறை வந்தது. அளவே எடுக்காமல் பட்டணத்தில் எனக்குச் செருப்பு வாங்கிவரும் அண்ணை! எனக்கு வயிறு எரிந்தது.

உமது பாதம் அகலம். உள்ளே போகவேயில்லை. விளையாட்டாக நான் காலை விட்டேன். பக்கிள்கள் நாலும் இலகுவாகப் பூட்டின. முழங்காலை மடித்தேன், விரல் பின்னுக்கு வந்தது. குதி அசையவில்லை.

நீர் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றீர்.

“அவருக்கு உம்மட கால்தான் ஞாபகம்” என்றீர்.

நான் சிரித்தேன். அன்றைக்கு முழுக்கச் சிரித்தேன்.

மறுநாள் மத்தியானம் நீர் அதை எப்படியோ மாட்டிக்கொண்டு அறைக்குள் நடந்தீர். குதியில் இரத்தம்.

“கழட்டும் மச்சாள்!”

“இது எனக்கு வந்தது.”

அண்ணையிடம் போகும் பயணத்தன்று காலில் துணிக்கட்டோடு படகேறினீர். சப்பாத்து உமது பைக்குள்.

“விட்டிட்டுப் போம், எனக்கு அளவுதானே” என்றேன்.

“இஞ்ச விட்டால் அவர் உம்மைத்தான் நினைப்பார்.”

நேற்று அண்ணை சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் பனி மாரியிலேயே உம்மைக் கடைக்குக் கூட்டிப்போய், இரண்டு காலையும் அளந்து அகலமானதாக இதை எடுத்தாராம். “விறைப்பான சப்பாத்து அவளுக்கு ஏலாது. கொஞ்சம் வளைஞ்சு குடுக்கவேணும். அப்பதான் பயமில்லாமல் முன்னுக்குச் சாய்வாள். இடது சின்னவிரலுக்குப் பக்கத்தில ஒரு எலும்பு துருத்தி நிக்கும், அந்த இடத்தைச் சூடாக்கி விரிச்சுத் தந்தவங்கள்.”

“என்ர கால் என்ன அளவு, அண்ணை?”

அவர் என் காலைக் குனிந்து பார்த்தார்.

“மறந்துபோச்சு” என்றார். பிறகு உமது பெயரைச் சொல்லி அழத் தொடங்கினார். அம்மா செத்தபோதும் அண்ணை அப்படி அழுததில்லை.

முதுகைத் தடவிக்கொடுத்தேன். நான் செத்தால் இப்படி அழுவாரா என்ற நினைப்பும் கூடவே வந்தது. செத்துப்போன உம்மோடும் எனக்குப் போட்டி. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அந்த நினைப்புப் போகவில்லை. இதை உம்மைத் தவிர யாருக்குச் சொன்னாலும் விளங்காது, மச்சாள். உமக்கும் இதே வருத்தம் இருந்தது.