கோடைக்கு முன்பே சுண்டல் தயார்

அடையாறு,
மார்ச் 14

அன்புள்ள ஹம்சினி,

இங்கே நான் நலம். திருச்சியில் நீயும் பாப்பாவும் நலம் என்பது தினமும் போனில் தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்தப் போனை உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "சாப்பிட்டியா" என்று கேட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் பாப்பாவின் துணிப் பார்சலோடு இந்தக் கடிதம். தனியாக உட்கார்ந்து படி.

விஷயம் இதுதான்: சுண்டல் பாஸ்! நம் நாய் பாஸாகிவிட்டான்!

போன மே மாதம் உன் அம்மா இங்கே வந்திருந்தபோது நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஏசி இருப்பது ஒரே அறையில். எல்லோரும் அங்கேதான் கிடந்தோம். ஏசிக்கு நேர் கீழே படுத்திருந்தவனை உன் அம்மா காலால் நகர்த்தினார். பல்லைக் காட்டி உறுமினான். கடிக்கவில்லை. ஆனாலும் உறுமியது உறுமியதுதான், நான் மழுப்பப் போவதில்லை. "அந்த நாய் இருக்கற வரைக்கும் என் பேத்திய மெட்ராசுக்கு அனுப்ப மாட்டேன்" என்று அவர் சொல்வது எனக்குக் கோபம்தான், ஆனால் காரணம் இல்லாமல் சொல்லவில்லை. பழுது இருந்தால் சரி செய்ய வேண்டும். தூக்கி யாரிடமாவது கொடுத்துவிடுவது ரிப்பேர் இல்லை.

சுண்டலுக்குக் கெட்ட குணம் கிடையாது, சூடு தாங்காது, அவ்வளவுதான். அதையும் வெயில் ஏறிய பிறகு திருத்த முடியாது. வியர்த்து ஊற்றும்போது நானே யார் பேச்சையும் கேட்கமாட்டேன், நாய் எங்கே கேட்கும்? அதனால் பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிட்டேன். நடையை விடியற்காலைக்கு மாற்றினேன். தார் ரோடு சுடுவதற்குள் பெசன்ட் நகர் வரை போய்த் திரும்பிவிடுகிறோம். லீவு நாளில் சாயங்காலம் நாலு மணிக்கே கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தவன் இப்போது இருட்டும் வரை பொறுக்கிறான்.

அடுத்தது ஏசி. ரிமோட் 'பீப்' என்றதும் கட்டிலுக்கு ஓடாமல், கதவோரம் ஈரச் சாக்கில் போய்ப் படுக்க வேண்டும். படுத்தால் ஒரு மோர் ஐஸ் கட்டி. குளிர் விடாத மாதத்தில் ஏசி ஓடுவதைப் பார்த்துவிட்டு வாட்ச்மேன் ரங்கன், "இன்னா சார், நாயி கேட்டுச்சா, நீ கேட்டியா?" என்றார். சிரிக்கட்டும். மூன்றே நாளில் கற்றுக்கொண்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் என் டிசைனில் ஓட்டை தெரிந்தது. ஆபீஸ் விட்டு வந்தால் வீடு ஊட்டி மாதிரி இருக்கிறது, ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. ரிமோட் முழுக்கப் பல் தடம். பீப் கேட்டால் மோர்க்கட்டி வரும் என்று நான்தானே சொல்லிக் கொடுத்தேன். அவனே கடித்துப் பீப் வரவைத்துவிட்டுச் சாக்கில் போய்க் காத்திருக்கிறான்! ஈக்காட்டுத்தாங்கலில் நாள் முழுக்கக் கம்பெனிகளுக்கு கன்ட்ரோல் பேனல் செய்கிறவன், ஒரு தெருநாயிடம் தோற்றேன். ரிமோட்டை அலமாரி மேல் வைத்து முறையை மாற்றினேன். படுத்ததற்குக் கிடையாது, படுத்து, என்னை மறந்து, கண் சொருகிய பிறகுதான் கட்டி.

இப்போது பரீட்சையைக் கேள். போன சனிக்கிழமை மத்தியானம் மாடி வீட்டுக் கயல் கைக்குழந்தையோடு வந்தாள். "அண்ணா, எங்க ஏசி புட்டுக்கிச்சு, செத்த நேரம் புள்ளய இங்க போட்டுக்கட்டுமா?" நான் சுண்டலுக்குச் சங்கிலி போட்டுப் பால்கனியிலிருந்து கூட்டி வருவதற்குள், அவள் அந்தச் சாக்கைத் தரை துடைக்கிற துணி என்று நினைத்துப் பாத்ரூமில் எறிந்துவிட்டு, அதே இடத்தில் பாய் விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்திருக்கிறாள். நேர்க் காத்து ஆவாதாம்.

அவன் இடம், ஹம்சி! வெளியே அடுப்பு மாதிரி வெயில். சங்கிலியை இறுக்கிப் பிடித்தேன். என் கையில் ஐஸ் கட்டிகூட இல்லை. சுண்டல் குழந்தையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஒரு பெருமூச்சு விட்டான். திரும்பி என்னையும் இழுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய், காற்றே இல்லாத டைனிங் டேபிள் அடியில் தொப்பென்று விழுந்தான்.

நான் போட்ட கூச்சலில் குழந்தை விழித்து வீறிட்டது. "நாயி சும்மா கீது, நீதாண்ணா கத்திக்கினு கீறே!" என்று கயலிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு தடவை நடந்ததை வைத்து எல்லாம் முடிந்தது என்று நான் சொல்லவில்லை. அறை வாசலுக்குக் கம்பி வலைக் கதவு செய்து மாட்டிவிட்டேன். பாப்பாவையும் அவனையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடமாட்டேன். இதை உன் அம்மாவிடம் அப்படியே சொல். உறுமியதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன் என்றும் சொல். வந்து ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும். சரியில்லை என்று தோன்றினால் என் முகத்துக்கு நேரே சொல்லட்டும்.

இனி உனக்கு மட்டும். உன் அம்மா நினைப்பது எனக்குத் தெரியும். நீ என்ன நினைக்கிறாய் என்று இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாயை விட்டுவிடு என்று நீயே சொன்னால்கூட நான் சண்டை போடுவேன், ஆனால் கேட்டுக்கொள்வேன். இந்த மௌனம்தான் என்னால் முடியவில்லை. பாப்பா இப்போது குரல் கேட்டுத் திரும்புகிறாளாமே. அதையும் ஸ்பீக்கரில்தான் தெரிந்துகொண்டேன்.

சித்திரை பிறப்பதற்கு முந்தின நாள் திருச்சி வண்டிக்கு எழும்பூரில் வந்து நிற்பேன். அம்மாவோடு வந்தால் சந்தோஷம். அவர் வரமாட்டேன் என்றால், நீ வா ஹம்சி.

பாப்பா தீர்க்காயுசோடு இருக்கட்டும்.

உன்,
கிரீஷ்