நான்கு முன்சக்கரம்

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஆமணக்குக் கொட்டமுத்தை வறுத்து இடித்து விளக்கெண்ணெய் காய்ச்சினாள். அடியில் கொஞ்சம் தீய்ந்துவிட்டது. அந்த வாசனை வாசலுக்கு வந்ததும் நீ வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டாய் என்றே ஒரு கணம் நினைத்தேன்.

அந்தக் காலத்துப் பந்தய எஞ்சின்களுக்கு விளக்கெண்ணெய் ஊற்றினார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, எங்கள் வீட்டு பாட்டிலைத் தூக்கிப்போய் மொபெட் பெட்ரோலில் கலந்தவன் நீ. "என்னாடா இது, வண்டியா வடச்சட்டியா?" என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

உங்கள் மலையூரில் ஒரே ஒரு பாறைமேல்தான் டவர் கிடைக்கும். அங்கே உட்கார்ந்துதான் போனில் எல்லாம் பார்த்தோம். பின்னால் பெரிய விசிறி வைத்துத் தன்னைத் தரையோடு உறிஞ்சிக்கொண்டு ஓடிய பந்தயக் கார். ஒரே பந்தயம் ஓடி, ஜெயித்து, அதோடு நிறுத்தப்பட்டது. உள்ளே சுழலும் கனமான சக்கரத்தால் இரண்டே சக்கரத்தில் விழாமல் நின்ற கார். அதைச் செய்த கம்பெனியே மண்ணில் புதைத்தது. பல வருஷம் கழித்துத் தோண்டி எடுத்துக் கடைசியில் உடைத்துப் போட்டார்கள். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "பொதைக்கறதுக்கா ஒரு வண்டி செய்வாங்க?" என்றாய்.

உனக்குப் பிடித்தது முன்னால் நான்கு குட்டிச் சக்கரம் வைத்த கார்தான். ஒன்று குழியில் இறங்கினால் பக்கத்துச் சக்கரம் தாங்கும் என்று கணக்குப் போட்டாய். உங்கள் ஊர்ப் பாதை முழுக்கக் குழியும் பாறையும். உடம்புக்கு முடியாதவர்களைக் கம்பில் போர்வை கட்டி, டோலியில், மாற்றி மாற்றித் தூக்கி வருவார்கள்.

என் பெயரிலிருந்த பழைய மொபெட்டின் எஞ்சினும், காயலான் கடை ஸ்கூட்டர்களின் சக்கரங்களும், பின்னால் ஒரு இரும்புக் கட்டிலும் சேர்ந்து வண்டியானது. ஏற்றத்தில் நாம் தள்ளுவோம். இறக்கத்தில் அது ஆளைக் கொண்டுவரும். முதலில் படுத்து இறங்கிய உன் பெரியம்மா, "ஆட்டுது, ஆனா வுழல" என்றாள். "டோலில வந்தா தூக்கறவங்க மூச்சு வாங்கறது காதுல கேக்கும். இதுல அந்தப் பாவம் இல்ல."

அதோடு நாம் சும்மா இருந்திருக்கலாம். "கொண்டு போயி காட்டுனாத்தான்டா நம்புவாங்க" என்றாய். அனுமதி கேட்டு மனு எழுதிக்கொண்டு, மனு நாளில் நாமே அதைக் கீழே ஓட்டிப் போனோம். கலெக்டர் ஆபீஸ் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். "என்னாடா இது, தேரா?" என்றார் போலீஸ்காரர். அன்று மத்தியானமே அது ஸ்டேஷன் புளியமரத்தடிக்குப் போய்விட்டது. ரோடு போடாதவன் மேல் வழக்கில்லை. ரோடில்லாத இடத்தில் ஓடிய வண்டிக்கு வழக்கு.

எஞ்சின் என் பெயரில் இருந்ததால் நான்தான் திருப்பிக் கேட்க முடியும். என் கையில் ஓசூர் கம்பெனி வேலை உத்தரவு இருந்தது. வழக்கு இருந்தால் வேலை இல்லை. 'வண்டிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, திரும்பக் கேட்க மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்தால் என்மேல் வழக்கில்லாமல் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள்.

"போடாத. ஒரு வாரம் பாக்கலாம்" என்றாய்.

நான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் நீ திட்டவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாவுது, போ" என்றாய்.

அந்த மழைக்காலத்தில் உன்னைக் கண்ணாடிவிரியன் கடித்தது. டோலியில்தான் தூக்கி வந்தார்கள். பாதி வழியில் "நம்ம வண்டி இன்னும் அங்கதான் நிக்குதா?" என்று கேட்டாயாம். தார் ரோடு வருவதற்குள் பேச்சு நின்றுவிட்டது, ஆஸ்பத்திரி வருவதற்குள் மூச்சும். உன் அண்ணன் போனில் இதைச் சொன்னபோது நான் கேன்டீன் வரிசையில் தட்டோடு நின்றிருந்தேன்.

இங்கே நான் ஒரே நட்டை ஒரே அளவுக்கு முறுக்குகிறேன். பெல்ட் நகர்ந்தால் அடுத்த நட்டு. கம்பெனி பஸ்ஸின் கண்ணாடி திறக்காது.

நேற்று அந்தத் தீய்ந்த வாசனை தாங்காமல் ஸ்டேஷனுக்குப் போனேன். நான்கு முன்சக்கரமும் பாதிவரை மண்ணுக்குள் இறங்கி, கட்டிலில் கோவைக்கொடி ஏறியிருக்கிறது.

"புதன்கிழமை ஏலம். பழைய இரும்புக்குப் போவுது" என்றார் காவலுக்கு நின்றவர். "யாரு வண்டிப்பா?"

"எங்களுதுங்க."

"எங்களுதுன்னா? இன்னொருத்தன் எங்க?"

"மலையிலதாங்க இருக்கான்."

அவர் என் பேரைக் கேட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். "வேணாம்னு எழுதிக் குடுத்திருக்கியே. இப்ப என்னா? சரி, ஏலத்துக்கு முன்னால வந்து அய்யாவப் பாரு. ஒத்துக்குவார்னு நான் சொல்லல."

புதன்கிழமை எனக்கு ஷிப்ட். கான்ட்ராக்ட் ஆள் ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் அவன் இடத்தில் வேறொருவன் நிற்பான். அப்பாவுக்கு மாத்திரை, தங்கைக்குக் காலேஜ், எல்லாம் இந்த நட்டில்தான் தொங்குகிறது. இதைக் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். சூப்பர்வைசரிடம் இன்னும் சொல்லவில்லை.

சட்டையில் விளக்கெண்ணெய் வாசனை போகவில்லை. மடியிலிருக்கும் பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில், என் பெயர் போட்ட ஆர்.சி. புக் இருக்கிறது. நீ அன்றைக்குக் கேட்டது ஒரு வாரம். என்னிடம் இருப்பது இரண்டு நாள்.